எதிர்மலைக் கோயில் பாட்டு இரவில் மட்டும் பக்கத்தில் கேட்பது ஏன்?

கொழுந்துக்கூடை:
எல்லோருக்கும் வணக்கம். நான் தரம் 11, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்துக்கு நேரெதிரே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், இன்னொரு டிவிசன் இருக்கிறது. அங்கே ஒரு மாரியம்மன் கோயில். பகலில் அங்கே பாட்டுப் போட்டால் யாரோ முனகுவது போலத்தான் இங்கே வரும். அதே பாட்டு இரவு எட்டு மணிக்குப் பிறகு வரி வரியாக விளங்குகிறது. அம்மாவிடம் கேட்டால், "பகல்ல ஊர்ச் சத்தம், ராத்திரி அமைதி, வேறென்ன?" என்கிறார். சரிதான். ஆனால் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைப் பகலிலும் மலை அமைதியாகத்தானே கிடக்கிறது? அப்போதும் முனகல்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் அலைகள் பாடம் இப்போதுதான் முடிந்தது. அதற்குள் இதற்குப் பதில் இருக்கிறதா, யாராவது சொல்லுங்கள்.

ஒலிச்செட்டு:
தங்கச்சி, திருவிழாக்களுக்கு சவுண்ட் செட் கட்டுவதுதான் என் பிழைப்பு. பொகவந்தலாவையிலிருந்து மஸ்கெலியா வரை இந்த முறைப்பாடு வராத தோட்டம் இல்லை. மாலை ஐந்து மணிக்கு வைத்த அளவிலேயே இரவு பத்துக்கும் ஓடும், நான் கையே வைக்க மாட்டேன். பத்து மணிக்கு எதிர்த்தோட்டத்திலிருந்து போன் வரும், "ஏன் கூட்டினீர்கள்?" என்று. அமைதியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அது மட்டும் என்றால் ஆடி மாதத்து இரவிலும் இப்படிக் கேட்க வேண்டும். ஆடிக் காற்றில் அடுத்த லயத்துக்கே ஒழுங்காகப் போகாது. தை, மாசியில்தான் இந்தக் கூத்து.

பனிமலை:
இதற்கு ஆராய்ச்சி என்ன வேண்டிக் கிடக்கிறது? தை, மாசியில் பனி. பனியில் ஈரம். ஈரக்காற்று சத்தத்தைச் சுமந்து வரும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து சொல்வதுதான்.

கரும்பலகை:
நான் அட்டன் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒலிச்செட்டு தம்பி சொன்ன "தை, மாசி" என்பதைப் பிடித்துக்கொண்டு போனால் வழி கிடைக்கும்.

காற்றில் ஒலியின் கதி வெப்பநிலையைப் பொறுத்தது. 0 பாகையில் செக்கனுக்கு 331 மீற்றர். அதற்குமேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். குளிர்ந்த காற்றில் மெதுவாக, சூடான காற்றில் வேகமாக. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் வெயில் தரையைச் சுடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று சூடாக இருக்கும், மேலே போகப் போகக் குளிரும். முகிலும் காற்றும் இல்லாத இரவில் இது தலைகீழாகிறது. தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று பாரம் கூடியது. அது சரிவு வழியே வடிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நுவரெலியாப் பக்கம் பனி பொசுக்கிய தேயிலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேட்டில் நிற்கும் செடி பச்சையாகவே இருக்கும், அதே மலையில் குழிவான இடத்தில் நிற்பதுதான் இலை கருகிப் போகும். குளிர் எங்கே தேங்கியது என்று அந்தக் கருகல் அப்படியே கோடு போட்டுக் காட்டிவிடும்.

இனிக் கணக்கு. கீழே 12 பாகை, 50 மீற்றர் மேலே 17 பாகை என்று வையுங்கள். கீழே ஒலியின் கதி ஏறத்தாழ 338, மேலே 341. எதிர்மலையிலிருந்து வரும் அலைமுகப்பை நிமிர்ந்து நிற்கும் ஒரு சுவராக வரைந்துகொள்ளுங்கள். ஒரு செக்கனில் அதன் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 3 மீற்றர் முந்திவிடும். 50 மீற்றர் உயரத்துக்கு 3 மீற்றர் சாய்வு என்றால் மூன்றரைப் பாகை. ஒரு கிலோமீற்றர் அகலப் பள்ளத்தாக்கைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 3 செக்கன் வேண்டும். அதற்குள் சுவர் 10 பாகை வரை முன்னால் சாய்ந்துவிடும். முகப்பு சாய்ந்தால் அலை போகும் திசை நிலத்தை நோக்கித் திரும்பும். வானத்துக்குப் போய்ச் சிதறியிருக்க வேண்டிய ஒலி வளைந்து உங்கள் லயத்து வாசலுக்கு வருகிறது.

பகலில் எல்லாம் எதிர்மாறு. கீழ்விளிம்பு முந்தும், அலை மேல்நோக்கி வளையும், பாதி ஒலி உங்கள் தலைக்கு மேலால் போய்விடும். ஆடிக் காற்று சூடு குளிர் எல்லாவற்றையும் கலக்கிவிடுவதால் அந்த அடுக்கே உருவாகாது.

பனிமலை அண்ணனுக்கு: ஈரத்துக்கு ஒரு சிறு பங்கு உண்டு. மிக வறண்ட காற்றைவிட ஈரக்காற்று உயர்ந்த மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) ஒலியைக் குறைவாகத்தான் உறிஞ்சும். ஆனால் பனிப்புகாரில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒலியைக் கொஞ்சம் விழுங்கத்தான் செய்யும், சுமக்காது. காற்றசையாத குளிர் இரவும் பனிமூட்டமும் கைகோத்து வருவதால் பெயரைப் பனி தட்டிக்கொண்டு போகிறது.

உயர்தரம்_பதுளை:
டீச்சர் சொன்னதற்குப் பாடப்புத்தகப் பெயர் முறிவு. ஒளிக்குக் கண்ணாடிக் குற்றியில் ஊசி குத்திச் செய்த அதே சோதனைதான். அங்கே எல்லையில் ஒரேயடியாகத் திரும்பும், இங்கே எல்லை இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டிலும் ஒரே விதி: எந்தப் பக்கம் கதி குறைவோ அந்தப் பக்கம் அலை திரும்பும். இதை ஒன்றைப் பிடித்தால் அந்தப் பாடத்தில் பாதி பிடிபட்டுவிடும்.

கொழுந்துக்கூடை:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. சுவர் சாய்வதைக் கொப்பியில் வரைந்து பார்த்தேன், விளங்குகிறது. இரண்டு சந்தேகம். பலமாகப் போட்டால் ஒலி வேகமாகப் போகுமா? அப்புறம், மலையில் காற்று ஐதானது என்று புவியியலில் படித்தோம். அப்படியானால் கொழும்பைவிட நுவரெலியாவில் ஒலி மெதுவாகப் போக வேண்டும் இல்லையா?

ஒலிச்செட்டு:
முதல் கேள்விக்கு நானே சாட்சி. தேர் வரும் பாதையில் நூறு மீற்றருக்கு ஒரு ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டினால், தூரத்து ஹோர்னின் சத்தம் கால் செக்கனுக்கு மேல் பிந்தி வந்து பேச்சைக் குழப்பும். அதற்காக மிக்சரில் கிட்ட உள்ளதைப் பிந்தவைப்போம். அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தப் பிந்தல் மாறவே மாறாது. தூரத்தை மாற்றினால்தான் மாறும்.

உயர்தரம்_பதுளை:
இன்னொரு அத்தாட்சி. தூரத்துக் கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிப்பது நமக்கும் சேர்ந்தேதான் கேட்கிறது. தாழ்ந்த சுருதி ஒரு கதியிலும் உயர்ந்த சுருதி வேறு கதியிலும் வந்தால் ஒரு கிலோமீற்றருக்குள் தாளம் பிசகிப் போயிருக்கும். உரப்பு வீச்சத்தை, அதாவது அதிர்வு எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது, சுருதி மீடிறனைப் பொறுத்தது. கதி இரண்டையும் கேட்பதில்லை, ஊடகத்தை மட்டும்தான் கேட்கும்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் வழுக்கும். வாயுவில் ஒலியின் கதி அமுக்கத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது. அமுக்கம் கூடினால் கதி கூடும், அடர்த்தி கூடினால் குறையும். மலையில் இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும், எஞ்சுவது வெப்பநிலைதான். 30 பாகைக் கொழும்பில் 349, 15 பாகை நுவரெலியாவில் 340. ஆக, நீ சொன்ன முடிவு சரி. காரணம் குளிர், ஐதான காற்று அல்ல. பரீட்சையில் காரணத்துக்குத்தான் புள்ளி.

பழைய_கார்ட்:
நானுஓயா ரயில் பாதையில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் பேசுவதைப் பார்க்கச் சந்தோசம். நானும் ஒன்று கேட்கிறேன். கோச்சி நம்மைக் கடக்கும்போது ஹோர்ன் சுருதி "ஈ" என்று இருந்து "ஊ" என்று இறங்கும் என்று படங்களில் காட்டுகிறார்கள். எங்கள் மலைப் பாதையில் அது அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. கீழே மாத்தறைப் பாதையில் நின்றபோது நன்றாகக் கேட்டது. ஏன்?

இன்னொன்று, கோச்சி வருகிறதா என்று தண்டவாளத்தில் காது வைக்கிற பையன்கள் இப்போதும் இருக்கிறார்கள். உருக்கில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 5000 மீற்றர் ஓடுவது உண்மைதான். அதற்காகக் காதை வைக்காதீர்கள். அதைக் கரும்பலகையில் படித்தால் போதும்.

கரும்பலகை:
ஐயா, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அதற்குப் பெயர் டொப்ளர் விளைவு. மலைப் பாதையில் கோச்சி மணிக்கு 30 கிலோமீற்றர் போகிறது என்று எடுத்தால் செக்கனுக்கு 8 மீற்றர் சொச்சம். ஒலியின் கதி 340. வரும்போது சுருதி நூற்றுக்கு இரண்டரை கூடும், போகும்போது அதேயளவு குறையும். மொத்தம் நூற்றுக்கு ஐந்து. ஆர்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு வித்தியாசம் இருக்கும். ஆக, ஒரு கட்டை தூரம்கூட இறங்கவில்லை. கரையோரப் பாதையில் கோச்சி இரண்டு மடங்கு வேகமாகப் போனால் இறக்கமும் இரண்டு மடங்கு.

கொழுந்துக்கூடை:
டீச்சர், இது முன்னால் சொன்னதோடு மோதுகிறதே? மீடிறன் ஒலி முதலைப் பொறுத்தது, கதி ஊடகத்தைப் பொறுத்தது, ஊடகம் மாறினாலும் மீடிறன் மாறாது என்றுதான் வகுப்பில் எழுதினோம். இங்கே ஊடகமும் மாறவில்லை, ஹோர்னும் மாறவில்லை, மீடிறன் மட்டும் மாறுகிறது.

கரும்பலகை:
இதைக் கேட்பாய் என்று காத்திருந்தேன். வகுப்பில் எழுதியது முதலும் கேட்பவரும் அசையாமல் இருக்கும்போது. ஹோர்ன் செக்கனுக்கு 300 நெருக்கல்களை (அலையில் காற்று நெருங்கி நிற்கும் இடங்களை) அனுப்புகிறது என்று வை. எஞ்சினில் இருக்கும் டிரைவருக்கு எப்போதும் அதே 300தான் கேட்கும். ஆனால் ஒரு நெருக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையில் கோச்சி கொஞ்சம் முன்னால் வந்துவிடுகிறது. அதனால் அடுத்த நெருக்கல் சற்றுக் கிட்டவிருந்து புறப்படும். காற்றில் இரண்டுக்கும் இடையிலான தூரம், அதாவது அலைநீளம், முன்பக்கம் குறுகிவிடுகிறது. கதி காற்றுடையது, அது மாறாது. கதி = மீடிறன் × அலைநீளம் என்பதால் ஸ்டேசனில் நிற்பவரின் காதுக்குச் செக்கனுக்குக் கூடுதல் நெருக்கல்கள் வந்து சேர்கின்றன. ஹோர்னின் மீடிறன் வேறு, காதுக்கு வந்து சேரும் மீடிறன் வேறு. முதல் அசையாவிட்டால் இரண்டும் ஒன்று.

ஊடகம் மாறும்போது என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடு, பல பிள்ளைகள் அங்கேதான் விழுகிறார்கள். காற்றிலிருந்து நீருக்குப் போனால் ஒலியின் கதி 340இலிருந்து ஏறத்தாழ 1480 ஆகக் கூடுகிறது. மீடிறன் அப்படியே இருக்கும், ஆகவே அலைநீளம் நாலு மடங்குக்கு மேல் நீளும். ஒளிக்கு எதிர்மாறு. செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றரில் வந்தது நீருக்குள் 2 இலட்சத்து 25 ஆயிரமாகக் குறைகிறது, அலைநீளமும் சுருங்குகிறது. அதனால் ஒரே நீர்ப்பரப்பில் சாய்ந்து நுழையும் ஒளி செவ்வனை (பரப்புக்குச் செங்குத்தான கோட்டை) நோக்கித் திரும்பும், ஒலி செவ்வனைவிட்டு விலகும். பதுளைத் தம்பி சொன்ன விதிதான் இரண்டுக்கும்.

அட்டன்_ரேடியோக்காரன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ரேடியோ, போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். இந்தத் தங்கச்சி "பகலில் முனகல்" என்று எழுதியதை யாரும் தொடவில்லையே. பாட்டு மொத்தமாகக் குறைந்தால் மெல்லிய பாட்டாகத்தானே கேட்க வேண்டும்? ஏன் முனகல்?

என் கடைக்கு வருகிறவர்கள் ஒரு குறை சொல்வார்கள். ஆற்றோரத்துப் பள்ளத்து லயத்தில் போனுக்கு சிக்னல் இல்லை, ஆனால் பழைய ரேடியோவில் மத்திய அலை ஸ்டேசன் வருகிறது என்று. போனைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பழுதும் இருக்காது. மத்திய அலையின் அலைநீளம் முந்நூறு மீற்றர் அளவில் இருக்கும். எப்.எம். மூன்று மீற்றர். போன் அலை, 900 மெகா ஹேட்ஸ் என்றால், 33 சென்ரிமீற்றர். மலை முனையில் அலை சுற்றி வளைந்து மறுபக்கம் இறங்குவதற்குக் கோணல் என்று பெயர். தடைக்கு ஒப்பிடும்போது அலைநீளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நன்றாக வளையும். போன் அலைக்கு ஒரு மலைத்தோள் போதும், அந்தப் பக்கம் நிழல்தான். எப்.எம்மும் பள்ளத்தில் கரகரக்கும். பிதுருதலாகலையின் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் வைத்திருப்பது சும்மாவா? நாட்டின் ஆக உயர்ந்த இடம், 2524 மீற்றர். அங்கிருந்து பார்த்தால் நிழல் விழும் இடங்கள் குறைவு.

பாட்டிலும் இதே கதைதான். 100 ஹேட்ஸ் தவிலடிக்கு அலைநீளம் மூன்றரை மீற்றர். "ச", "ஸ" போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி பல ஆயிரம் ஹேட்ஸ், அலைநீளம் பத்து சென்ரிமீற்றருக்கும் குறைவு. தேயிலை மேட்டையும் மரங்களையும் தவில் சுற்றி வந்துவிடும், எழுத்துகள் வராது. போதாததற்குக் காற்றும் உயர்ந்த மீடிறனைத்தான் கூடுதலாக உறிஞ்சும். எழுத்துப் போன பாட்டு முனகல்தானே?

ஒலிச்செட்டு:
முழுக்கச் சரி. தூரத்தில் நின்று கேட்டால் தவில் தெரியும், வார்த்தை தெரியாது. இதனால்தான் புதுப் பையன்கள் இரவில் பேஸைக் கூட்டும்போது கத்துவேன். பக்கத்தில் நிற்பவனுக்கு அது இனிமை, மூன்று மலைக்கு அப்பால் படிக்கிற பிள்ளைக்குத் தலையிடி.

கொழுந்துக்கூடை:
எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. அடுத்த வீட்டில் ரேடியோ போட்டால் எங்கள் வீட்டில் போட்ட மாதிரி. அதுவும் கோணல்தானா?

உயர்தரம்_பதுளை:
பாதி. மேலே தகரம் இருக்கிறதே, அதில் பட்டுத் தெறித்தும் வரும். அடுத்த வீட்டு பல்ப் வெளிச்சமும் உங்கள் பக்கம் கொஞ்சம் விழுமே, அது முழுக்கத் தகரத்தில் தெறித்து வருவதுதான். ஒளியின் அலைநீளம் மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. சுவர் விளிம்பில் அது வளைவதைக் கண்ணால் பார்க்க முடியாது.

பனிமலை:
சரி, ஒலியை விடுங்கள். ஒளியும் காற்றில் இப்படி வளையும் என்றால் நமக்குத் தெரிய வேண்டாமா? எதிர்மலைக் கோயில் பகலில் ஓரிடத்திலும் இரவில் வேறிடத்திலும் தெரிவதில்லையே.

கரும்பலகை:
நல்ல கேள்வி அண்ணா. வெப்பநிலை ஒரு பாகை மாறினால் ஒலியின் கதி ஆயிரத்தில் ஏறத்தாழ 2 பங்கு மாறும். ஒளியின் கதி பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 1 பங்குதான். ஒரு பள்ளத்தாக்கு அகலத்துக்கு அது கண்ணுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் ஒன்றில் காற்று சுடுசட்டியாக இருக்க வேண்டும், நடுப்பகல் தார் ரோட்டில் தண்ணீர் தேங்கியது போலத் தெரியும் கானல் அப்படித்தான். இல்லையென்றால் தூரம் மிக நீளமாக இருக்க வேண்டும்.

நீளத்துக்குச் சிவனொளிபாதமலை இருக்கிறது. விடியலில் உச்சியில் நிற்கிறீர்கள். சூரியன் முழு வட்டமாக எழுந்து அடிவிளிம்பு தொடுவானத்தில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் கணத்தில் நேர்கோட்டில் பார்த்தால் சூரியன் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. தொடுவானத்தில் வளிமண்டலம் ஒளியை அரைப் பாகைக்கு மேல் வளைக்கிறது, சூரியனின் அகலமே அரைப் பாகைதான். அடிவிளிம்பின் ஒளி மேல்விளிம்பினுடையதைவிடக் கூடுதலாக வளைவதால் வட்டம் நசுங்கித் தெரியும். இடையில் சூடும் குளிருமாக அடுக்குகள் இருந்தால் விளிம்பு நெளியும், வெட்டுப்பட்டது போலாகும். சூரியன் ஆடி ஆடி எழும்புகிறது என்று யாத்திரைக்குப் போனவர்கள் சொல்வது கண்ணால் கண்டதைத்தான்.

பனிமலை:
சூரியன் ஆடுவதை நானும் பார்த்திருக்கிறேன். அதை ஒப்புக்கொள்கிறேன். பனி விசயத்தில் இன்னும் எனக்குத் திருப்தியில்லை. வருகிற தையில் பனியில்லாத குளிர் இரவு ஒன்றில் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கரும்பலகை:
எழுதுங்கள் அண்ணா. முகிலில்லாத இரவாகவும் பாருங்கள்.

கொழுந்துக்கூடை:
கடைசியாக ஒன்று. நெட்டாங்கு அலையும் (போகும் திசையிலேயே அதிர்வது) குறுக்கலையும் (அதற்குக் குறுக்காக அதிர்வது) ஒரே ஊடகத்தில் போகுமா? காற்றில் ஒலி நெட்டாங்கு மட்டும்தானே.

உயர்தரம்_பதுளை:
திண்மத்தில் இரண்டும் போகும். காற்றையும் நீரையும் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் திரும்பி வருவதற்கு விசை இல்லை, அதனால் அவற்றுக்குள் குறுக்கலை போகாது. பாறைக்கு அந்த விசை உண்டு. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் பூமியதிர்ச்சி பதியும் நிலையம் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நம் நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் முன் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது. இங்கிருந்து ஏறத்தாழ 1700 கிலோமீற்றர். நெட்டாங்கு அலை நாலு நிமிடத்துக்குள்ளேயே வந்துவிட்டது, குறுக்கலை சில நிமிடம் பிந்தி வந்தது. அதன்பின் நிலப்பரப்பை ஒட்டி வந்த பெரிய அலைகளில் இங்கே நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. மிக மெதுவான அசைவு என்பதால் நம்மவர் பலருக்குத் தெரியவே இல்லை. கடலலை கிழக்குக் கரைக்கு வந்தது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் கழித்துத்தான்.

அந்தக் கடலலையின் கதியை நீயே கண்டுபிடிக்கலாம். ஈர்ப்பு ஆர்முடுகலையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடு. ஆழம் 4000 மீற்றர், ஈர்ப்பு 10 என்று வை.

கொழுந்துக்கூடை:
40,000இன் வர்க்கமூலம் 200. மணிக்கு 720 வருகிறது. விமான வேகமா? சரிதானா அண்ணா?

உயர்தரம்_பதுளை:
சரி. கரையை நெருங்கி ஆழம் குறைந்தால் கதியும் குறையும், 10 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 10 மீற்றர்தான். பின்னால் வருவது முன்னால் உள்ளதை நெருக்குவதால் உயரம் கூடுகிறது.

கரும்பலகை:
200 என்ன, 720 என்ன? அலகு எங்கே பிள்ளை? இதற்குத்தான் ஒவ்வொரு வருடமும் புள்ளி போகிறது.

கொழுந்துக்கூடை:
செக்கனுக்கு 200 மீற்றர். மணிக்கு 720 கிலோமீற்றர், டீச்சர்.